மூளைச் சத்திரசிகிச்சையின் பின் நோயாளிக்கு எது பாதுகாப்பான இடம்?

மூளையிற் கத்தி வைக்க வேண்டும் என்று வைத்தியர் கூறியதும் நம் மக்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. சத்திரசிகிச்சை செய்பவர் கைதேர்ந்தவரா? நோயாளி பிழைப்பாரா? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் மூன்றாவது கேள்வியொன்று உண்டு. அதனைக் கேட்பார் மிகச் சிலர். சத்திரசிகிச்சை முடிந்த அன்றிரவு நோயாளி எந்தக் கட்டிலிற் கிடப்பார், அவரை யார் கண்காணிப்பார் என்பதே அக்கேள்வி. உயிர் நிற்பதும் போவதும் சில வேளைகளில் அதன் விடையிலேயே தங்கியிருக்கிறது.

விபத்தில் மண்டை உடைந்து நள்ளிரவில் தூக்கி வரப்படுபவரைப் பற்றி நாம் இங்கு பேசவில்லை. நாள் குறித்து, பரிசோதனைகள் முடித்து, சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிட்டு, மூளைக் கட்டியொன்றை அகற்றுவதற்காகத் தம் கால்களால் நடந்து வைத்தியசாலைக்கு வருபவரைப் பற்றியே பேசுகிறோம். இத்தகைய நோயாளர் அனைவரையும் ஓரிரவேனும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தல் வேண்டும் என்பது பல நாடுகளில் நெடுங்காலம் நிலைத்த வழக்கம். இன்று அவ்வழக்கம் மறுபரிசீலனைக்கு வந்துள்ளது. அந்தப் பிரிவு யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம். அதனை யார், எப்பொழுது, எந்த விதியின்படி தீர்மானிப்பது என்ற வினாக்கள் எழுந்துள்ளன.

இவை வைத்தியரின் மேசையோடு நிற்க வேண்டிய வினாக்கள் என்று கூறுவாருமுளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இந்நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகள் மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை. அங்குள்ள அதிதீவிர சிகிச்சைக் கட்டில் ஒவ்வொன்றும் பொதுச்சொத்து. பொதுச்சொத்தை எந்த நியாயத்தின்படி பங்கிடுவது என்பது அரசியற் கேள்வி. பொதுமக்கள் விளங்கிக் கேட்க வேண்டிய கேள்வி.

வழக்கம் பிறந்த வரலாறு

சத்திரசிகிச்சை பெற்றோரைத் தனியிடத்தில் வைத்துக் காக்கும் முறைக்கும் மூளைச் சத்திரசிகிச்சைக்கும் தொடக்கத்திலிருந்தே உறவுண்டு. அமெரிக்காவின் பால்ரிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வோல்ரர் டண்டி என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் 1923ஆம் ஆண்டில் மூன்றே கட்டில்கள் கொண்ட ஒரு சிறு பிரிவை ஏற்படுத்தினார். தம்மிடம் சத்திரசிகிச்சை பெற்றோரைத் தேர்ந்த தாதியர் இடைவிடாது பார்த்திருத்தல் வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

பின்னர் 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளருக்கு மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகக் கையாற் காற்றுப் பையை அமுக்கி உயிர் காத்தனர். அம்முறையை வகுத்த பியோர்ண் இப்சன் என்பவரே 1953ஆம் ஆண்டு இறுதியில் அந்நகரில் முதலாவது அதிதீவிர சிகிச்சைப் பிரிவைத் திறந்தார் என்பர்.

இவ்விரு வரலாறுகளிலும் முதலில் வந்தது மனிதரின் காவல். இயந்திரங்கள் பின்னரே வந்தன. காலப்போக்கில் இயந்திரங்கள் பெருகின. காவலின் இடத்தை இயந்திரமே நிரப்பிவிட்டதாக நாம் எண்ணத் தொடங்கினோம். மாரியிற் குளம் நிரம்பி நிற்கும் இரவில், கட்டு பலமானது என்று எந்தக் கமக்காரரும் நிம்மதியாக உறங்குவதில்லை. விளக்கோடு கட்டில் நடந்து, எங்கே நீர் கசிகிறது என்று பார்க்கிறார். கசிவைக் கண்டவுடன் ஆளைக் கூப்பிடுகிறார். மூளைச் சத்திரசிகிச்சையின் பின் வரும் இரவும் அத்தகையதே.

முதல் ஆறு மணித்தியாலம்

மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. அதனுள் மூளை, குருதி, மூளைத் தண்டுவடப் பாய்பொருள் ஆகிய மூன்றும் அளவோடு அடங்கியுள்ளன. ஒன்று பெருகினால் மற்றவை ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடமில்லாதபோது அமுக்கம் விரைந்து ஏறும். எடின்பரோவைச் சேர்ந்த மொன்றோ, கெல்லி என்னும் இருவரின் பெயரால் இந்த உண்மை இன்றும் வழங்குகிறது. சத்திரசிகிச்சை செய்த இடத்திற் குருதி கசிந்து கட்டியானால், வயிற்றிலோ காலிலோ கசிந்தாற்போல் அவகாசம் கிடைப்பதில்லை. நோயாளி முதலில் மந்தமாவார், பேச்சுக் குழறும், ஒரு கை தளரும், பின்னர் கண்மணி விரியும். கண்மணி விரியும் வரை காத்திருந்தவர் காலந் தாழ்த்தியவராவார்.

இவ்வாபத்து எத்தனை பேருக்கு வருகிறது? எப்பொழுது வருகிறது? இலண்டன் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையினர் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. மண்டையோட்டினுள் சத்திரசிகிச்சை பெற்ற 2305 நோயாளரின் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். மீண்டும் சத்திரசிகிச்சை செய்ய வேண்டிய அளவுக்குக் குருதிக் கட்டி ஏற்பட்டவர் 50 பேர். நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல். அந்த 50 பேரில் 44 பேரின் நிலை முதல் ஆறு மணித்தியாலத்துக்குள்ளேயே சீர்கெட்டது. எஞ்சிய 6 பேருக்கு 24 மணித்தியாலத்தின் பின்னரே சீர்கெட்டது.

இக்கணக்கு இரண்டு பாடங்களைப் புகட்டுகிறது. முதல் ஆறு மணித்தியாலமும் கண்ணை இமை காப்பதுபோற் காக்க வேண்டும் என்பது ஒன்று. ஓரிரவு அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து மறுநாட் காலை பொது விடுதிக்கு அனுப்பிவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணலாகாது என்பது மற்றொன்று. அந்த ஆறு பேரும் வழக்கமான ஓரிரவுக் காவல் முடிந்த பின்னர் அல்லவா சீர்கெட்டனர்! அவர்களைக் காப்பாற்ற வேண்டியது பொது விடுதித் தாதியின் கண். ஆகவே, பொது விடுதி பலவீனமாக இருக்கும் நாட்டில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு மட்டும் நோயாளியைக் காக்க முடியாது.

வேறிடங்களில் வைத்தியர்கள் இன்னும் முன்னே சென்றுள்ளனர். கனடாவின் ரொறன்ரோ நகரில் மார்க் பேர்ன்ஸ்ரைன் என்னும் நிபுணர், தெரிந்தெடுத்த மூளைக் கட்டி நோயாளரை 1990களின் பிற்பகுதியிலிருந்து சத்திரசிகிச்சை செய்த அன்றே வீட்டுக்கு அனுப்பி வந்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வைத்தியசாலை, தெரிந்தெடுத்த நோயாளரை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பாது, மீட்பறையிலிருந்து நேராக இடைநிலை விடுதிக்கு அனுப்பும் ஒழுங்கொன்றை வகுத்து, அதன் பெறுபேறுகளை மருத்துவ ஏடுகளில் வெளியிட்டுள்ளது.

இவற்றைப் படித்தவுடன் நாமும் அப்படியே செய்வோம் என்று துள்ளுவது பேதைமை. அந்நோயாளர் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். அவ்வைத்தியசாலைகளில் நள்ளிரவிலும் சி.ரி. ஸ்கான் எடுக்கலாம், சத்திரசிகிச்சைக் கூடம் ஆயத்தமாக இருக்கும், விடுதித் தாதி ஒருவரின் பொறுப்பிலுள்ள நோயாளர் தொகைக்கு எல்லையுண்டு. அந்த நிபந்தனைகளை விட்டுவிட்டு முடிவை மட்டும் இறக்குமதி செய்தால் நோயாளியின் உயிரைப் பணயம் வைத்தவராவோம்.

கட்டில் ஒன்று, காத்திருப்போர் பலர்

எல்லோரையும் அங்கேயே வைத்தால் என்ன, செலவு பார்த்து உயிரோடு விளையாடுவதா என்று சிலர் கேட்கலாம். நல்லெண்ணத்தோடு எழும் கேள்வி. ஆயினும் அதற்கு விடையுண்டு.

அதிதீவிர சிகிச்சைக் கட்டில் அரிதான பொருள். நெருப்புக் காய்ச்சலிற் குருதி அமுக்கம் வீழ்ந்தவரும், பிரசவத்திற் குருதி இழந்த தாயும், கிருமிநாசினி அருந்தியவரும், வீதி விபத்திற் சிக்கிய இளைஞரும் அதே கட்டிலுக்குப் போட்டியிடுகின்றனர். கட்டில் இல்லையென்றால் நாட்குறித்த மூளைச் சத்திரசிகிச்சை ஒத்திவைக்கப்படும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நகையை அடகு வைத்து, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, விடுதியில் அறையெடுத்துத் தங்கிய குடும்பத்துக்கு “இன்று கட்டில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்” என்ற சொல் எத்தகையது? கட்டி அடுத்த வாரம் வரை வளராது காத்திருக்குமா? தேவையில்லாத ஒருவர் அக்கட்டிலில் இருந்ததனாலே தேவையுள்ள ஒருவர் திரும்பிப் போனார் என்றால், அந்த எச்சரிக்கை யாரைக் காத்தது?

மேலும், அதிதீவிர சிகிச்சைப் பிரிவு தீங்கற்ற இடமன்று. மருந்துக்கு அடங்காத கிருமிகள் அங்கேதான் மிகுதி. ஓயாத ஒலியும் அணையாத விளக்கும் உறக்கத்தைக் கெடுக்கும். முதியவர் சிலர் அங்கே புத்தி தடுமாறிப் பிதற்றுவர். அது மூளையிற் கசிவினால் வந்ததா, உறக்கமின்மையால் வந்ததா என்று பிரித்தறிவதும் கடினம். எழுந்து நடக்கக்கூடியவர் படுத்தே கிடப்பார். அங்கே கிடத்தலும் ஒரு சிகிச்சை. சிகிச்சை எதுவும் தேவையானவருக்கே தரப்படல் வேண்டும்.

இரு துருவங்களுக்கும் நடுவே வழியொன்றுண்டு. பிரித்தானியச் சுகாதாரத் திணைக்களம் 2000ஆம் ஆண்டில் நோயாளரின் தேவையைப் பூச்சியம் முதல் மூன்று வரை படிகளாக வகுத்தது. பொது விடுதி போதுமானவருக்கும் சுவாச இயந்திரம் வேண்டியவருக்கும் இடையிலே, நெருங்கிய கண்காணிப்பு மட்டும் வேண்டியவருக்கென ஒரு படி உண்டு. நாட்குறித்த மூளைச் சத்திரசிகிச்சையின் பின் விழித்து, தாமே மூச்சுவிட்டு, கைகால் அசைத்து, கேட்டதற்கு விடை சொல்பவர்களுட் பெரும்பாலானோருக்கு வேண்டியது இந்த இடைப்படியே. சுவாச இயந்திரம் வேண்டாம். ஆனால் இரவெல்லாம் மணிக்கு மணி எழுப்பி, பேசிப் பார்க்கும் தாதி வேண்டும்.

சட்டம் பின்னாலேதான் வரும்

பிழை நடந்தால் நீதிமன்றம் இருக்கிறதே என்று கருதுவோருக்குச் சட்டத்தொழிலிற் பழகியவன் என்ற முறையில் ஒன்று கூற வேண்டும். மூளைத் தண்டிற் கட்டி ஏற்பட்டு மரணமான ஒரு குழந்தையின் வழக்கு இந்நாட்டு வைத்தியக் கவனயீனச் சட்டத்தில் மிகவும் பேசப்பட்டது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. உயர் நீதிமன்றம் 2001ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பில், கவனயீனம் இருந்தது என்று கண்டபோதிலும், அக்கவனயீனமே மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி, வழக்கைத் தள்ளுபடி செய்தது.

இத்தீர்ப்பு எமக்குத் தரும் படிப்பினை தெளிவானது. இரவு இரண்டு மணிக்கு நோயாளி மந்தமானார், நான்கு மணிக்கே கண்டுபிடித்தனர், காலையில் இறந்தார். இரண்டு மணிக்கே கண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்தக் குடும்பம் நிரூபிக்க முடியும்? கண்காணிப்பு அட்டையில் இரண்டு மணிக்குரிய கட்டம் வெறுமையாக இருக்கும்போது எதனைக் கொண்டு வாதாடுவது? வெள்ளம் வடிந்த பின் அணை கட்டும் வேலையே நீதிமன்றத்தின் வேலை. முன்னரே அணை கோலுவது எழுதப்பட்ட விதியொன்றினாலேயே இயலும்.

மொழியும் ஒரு கருவியே

மூளையின் நிலையை அளக்கும் கருவிகளில் இன்றும் முதன்மையானது எந்த இயந்திரமும் அன்று. கிளாஸ்கோ நகரில் கிரஹாம் ரீஸ்டேல், பிறையன் ஜெனெற் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் வகுத்த அளவுகோலே அது. கண் திறத்தலுக்கு 4 புள்ளி, பேச்சுக்கு 5 புள்ளி, அசைவுக்கு 6 புள்ளி. முழு நலத்துக்கு 15. பேர் என்ன, இது எந்த இடம், இது எந்த மாதம் என்று தாதி கேட்கிறார். தெளிவாக விடை சொன்னால் 5. குழம்பிச் சொன்னால் 4. தொடர்பற்ற சொற்களாயின் 3. இந்த ஒரு புள்ளி, இரு புள்ளி வீழ்ச்சியே குருதிக் கசிவின் முதல் மணியோசை.

கிளிநொச்சியிலிருந்து தென்னிலங்கை வைத்தியசாலையொன்றுக்குச் சென்ற தமிழ்க் கமக்காரர் ஒருவரை இப்பொழுது எண்ணிப் பாருங்கள். இரவுக் கடமையிலுள்ள தாதிக்குத் தமிழ் தெரியாது. அவருக்குச் சிங்களம் தெரியாது. கேள்வி விளங்காமல் அவர் விழிக்கிறார். அதனைக் குழப்பம் என்று எழுதுவதா, தெளிவு என்று எழுதுவதா? தொடக்கத்திலேயே குறைத்து எழுதினால், பின்னர் உண்மையிலே அவர் குழம்பும்போது எவருக்கும் தெரியாது. நன்றாயிருக்கிறார் என்று ஊகித்து எழுதினால், அட்டை பொய் சொல்லும். இதில் தாதியைக் குறை கூறி என்ன பயன்? நெஞ்சிரக்கமுள்ள தாதியாயினும் விளங்காத மொழியிற் பேச்சுத் தெளிவை அளக்க முடியாது. தமிழ் விடுதியிற் கிடக்கும் சிங்கள நோயாளிக்கும் இதே ஆபத்து உண்டு.

மொழியுரிமை என்றால் கச்சேரிக் கடிதமும் பொலிஸ் முறைப்பாடும் என்றே பலர் நினைக்கின்றனர். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்தின் பின்னர் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் அரச உத்தியோகத்தருடன் தமிழிலே தொடர்புகொண்டு தமிழிலே விடை பெறும் உரித்தை வழங்குகிறது. மூளைச் சத்திரசிகிச்சை பெற்றவரின் கட்டிலருகே அந்த உறுப்புரை உயிர்காக்கும் கருவியாகிறது. இயந்திரங்கள் நிறைந்த பிரிவில் மொழி தெரியாதாரிடையே கிடப்பதா, இயந்திரம் குறைந்த விடுதியிலே தம் மொழியில் மணிக்கு மணி வினவப்படுவதா பாதுகாப்பு என்று கேட்டால், விழித்துப் பேசும் நோயாளியைப் பொறுத்தவரை விடை இலகுவன்று. கேட்கப்படவே வேண்டிய கேள்வி அது.

நாம் கோருவன

வைத்தியரின் தீர்ப்பை அரசியலாளர் பறிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அத்தீர்ப்பு வழக்கத்தாலும் தட்டுப்பாட்டாலும் அல்லாமல் விதியினால் அமைதல் வேண்டும் என்றே கோருகிறோம்.

முதலாவது, நோயாளி எங்கே குணமடைவார் என்பது சத்திரசிகிச்சைக்கு முன்னரே சத்திரசிகிச்சை நிபுணர், மயக்கமருந்து நிபுணர், பொறுப்புத் தாதி ஆகிய மூவராலும் கூடித் தீர்மானிக்கப்பட்டு எழுதப்படல் வேண்டும். கட்டியின் பருமனும் இடமும், நோயாளியின் வயதும் பிற நோய்களும், முன்னைய சத்திரசிகிச்சையும் கணக்கிலெடுக்கப்படல் வேண்டும். தீர்மானமும் அதன் காரணமும் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் அவர்களின் மொழியிற் கூறப்படல் வேண்டும்.

இரண்டாவது, சத்திரசிகிச்சை முடிந்தவுடன் அத்தீர்மானம் மீளப் பார்க்கப்படல் வேண்டும். நேரம் நீண்டதா, குருதி மிகுதியாக இழந்தாரா, பிற்பக்கத்துச் சிறுமூளைப் பகுதியிற் கைவைக்க நேர்ந்ததா, விழித்துக் கட்டளைக்கு இணங்குகிறாரா? ஐயம் ஒன்றேனும் இருந்தால் அதிதீவிர சிகிச்சைப் பிரிவே அவருக்குரிய இடம். ஐயத்தின் பலன் நோயாளிக்கே சேரல் வேண்டும்.

மூன்றாவது, முதல் ஆறு மணித்தியாலம் மீட்பறையிலோ இடைநிலை விடுதியிலோ இடையறாத காவல். அதன் பின் இரவு முழுவதும் மணிக்கு மணி பரிசோதனை. சி.ரி. ஸ்கானும் சத்திரசிகிச்சைக் கூடமும் அவ்விரவு ஆயத்தமாயிருத்தல் வேண்டும். மாற்றங் கண்ட தாதி, எவரிடமும் அனுமதி கேட்டுக் காத்திராது நிபுணரை நேரே அழைக்கும் அதிகாரம் பெறல் வேண்டும். இவை இல்லாத வைத்தியசாலை பொது விடுதிக்கு நோயாளியை அனுப்பும் உரிமை கோரலாகாது.

நான்காவது, ஒவ்வொரு கடமை முறையிலும் நோயாளியின் மொழி பேசும் ஒருவர் இருத்தல் வேண்டும். இல்லாதவிடத்து உறவினர் ஒருவர் அருகிருக்க அனுமதி வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன்னரே நோயாளியின் பேச்சு அவர் மொழியில் அளக்கப்பட்டுப் பதியப்படல் வேண்டும்.

ஐந்தாவது, வைத்தியசாலையை விட்டு வீடு செல்வதும் இதே தீர்மானத்தின் பகுதியே. ரொறன்ரோ நகரத்தவர் அன்றே வீடு செல்லலாம். முல்லைத்தீவுக் கிராமத்தவருக்கு அது பொருந்தாது. வலிப்பு, காய்ச்சல், காயத்திலிருந்து நீர் கசிதல், மிகுந்து வரும் தலைவலி ஆகிய அறிகுறிகள் தமிழில் எழுதிக் கொடுக்கப்படல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்து அம்புலன்ஸ் சேவை 2018ஆம் ஆண்டிலிருந்து வடக்கிலும் உண்டு; எந்த வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வது என்பதும் அதே தாளில் இருத்தல் வேண்டும்.

இவற்றுக்கு ஆளணி வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியரும் தாதியரும் பலர் கடல் கடந்து சென்றனர் என்பதை நாம் அறிவோம். ஆயினும், விலையுயர்ந்த இயந்திரங்களைக் கொண்ட புதிய பிரிவொன்றைத் திறந்து நாடா வெட்டுவதிலும், உள்ள விடுதியில் நான்கு கட்டில்களை ஒதுக்கி, அவற்றுக்கு இரவிலும் குறையாத தாதியரை நியமிப்பது எளிது. போதனா வைத்தியசாலைகள் மாகாண சபைகளின் நிரலுக்கு வெளியே, மத்திய அமைச்சின் கீழ் உள்ளவை. ஆதலால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு இதனைச் செய்து தரும் பொறுப்பும் கொழும்பினுடையதே. நம் பிரதிநிதிகள் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் இத்தனை கட்டில், இத்தனை தாதியர் என்று எண்ணிக்கையோடு கேட்கட்டும்.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது நோயாளியையும் வைத்தியனையும் மருந்தையும் கூறியதோடு நிற்கவில்லை. அருகிருந்து பேணுபவனையும் நான்காவதாக எண்ணினார். அந்த நான்காம் கூறே நம் நாட்டிற் குறைவு. அடுத்த முறை உங்கள் குடும்பத்திலோ அயலிலோ ஒருவருக்கு மூளைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்படும்போது, வைத்தியரிடம் பணிவோடும் தயங்காமலும் கேளுங்கள்: “அன்றிரவு இவரை எங்கே வைப்பீர்கள்? மணிக்கு மணி இவருடன் பேசிப் பார்ப்பவர் யார்? எந்த மொழியிற் பேசுவார்?” மக்கள் எல்லோரும் இதனைக் கேட்கத் தொடங்கினால், விதி எழுதப்படுவதற்கு நெடுநாள் செல்லாது.